படத்தின் மூலையில் இருந்தவள்

ஆடிப்பெருக்கு வந்தால் ஊரெல்லாம் ஆற்றங்கரைக்குப் போகும். சிவகாசியில் நாங்கள் அச்சகத்துக்குப் போவோம். வருகிற வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி, பூஜை போட்டு, ஏஜெண்டுகளுக்குத் திறந்து காட்டுவது அன்றைக்குத்தான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. விருதுநகரில் எங்கள் அப்பாவுக்குப் பருப்பு, மல்லி, வத்தல் வியாபாரம். லோடு வரும் நாள், லோடு போகும் நாள், இந்த இரண்டைத் தவிர வேறு நாள் எங்களுக்குத் தெரியாது. அங்கிருந்து வந்து, நாளையே அச்சடித்து விற்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன்.

இந்த வருஷம் ஆடிப்பெருக்கன்று, அச்சகத்தில் அத்தனை பேர் முன்னாலும் என் கணவர் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். அதைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அதிர்ச்சி இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. யாரிடமாவது சொன்னால் "போயும் போயும் ஒரு படத்துக்கா" என்பார்கள். எனக்கு மூக்கு மேல் கோபம் வருகிறவள் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஆகவே சொல்வதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நான் பழைய புத்தகம் சேர்க்கிறவள். கண்ட புத்தகமும் இல்லை. படம் போட்ட சரித்திரப் புத்தகங்கள், அதிலும் தோல் மட்டை கட்டியவை. படங்களை உலோகத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, அச்சிட்டு, மேலே கையால் வர்ணம் தீட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மேலே வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய தாள் படுத்திருக்கும். அதைத் தூக்கிப் படத்தைப் பார்க்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இத்தனை வருஷமாக அலைகிறேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். ஆனால் படத்துக்கு என்ன பாஷை.

பழைய தோல் நாளாக நாளாகச் செங்கல் பொடியாக உதிரும். என் புடவைகளில் மடி இருக்கும் இடத்தில் எப்போதும் ஒரு சிவப்புக் கறை உண்டு. அப்படி உதிர ஆரம்பித்த புத்தகத்தைச் சரி செய்வது தனிக் கலை. பழைய மட்டையை வீசிவிட்டுப் புதுசு போட எந்த பைண்டராலும் முடியும். பழைய முதுகுத் தோலைக் கத்தியால் நோகாமல் உரித்து வைத்துக்கொண்டு, அடியில் அதே நிறத்தில் புதுத் தோல் கொடுத்து, மேலே பழசையே திரும்ப ஒட்ட வேண்டும். திறந்தால் வளைந்து கொடுக்க வேண்டும், பார்த்தால் பழசாகவே இருக்க வேண்டும். மதுரையில் ஒருவர் எனக்கு அப்படிச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கடையை மூடிவிட்டு மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்துதான் வினை ஆரம்பம்.

என் கணவருக்கு இந்தப் புத்தகங்கள் மேல் பகை ஒன்றும் கிடையாது. "செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் நம்ம வீட்டுல வாடகை இல்லாம இடம்" என்பார், அதோடு சரி. அவருடைய பைத்தியம் வேறு. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி வைத்திருப்பார். துக்க வீட்டுக்குப் போனாலும் சுவரில் காலண்டர் தொங்கினால் எழுந்து கிட்டப் போய்க் கலர் விலகியிருக்கிறதா என்று பார்ப்பார். முருகன் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறியிருந்தால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. ஆனால் என் பீரோவைத் திறந்து ஒரு புத்தகத்தைக்கூட அவர் கையில் எடுத்ததில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நான் சொல்ல வந்த புத்தகம் காரியாபட்டியில் கிடைத்தது. ஒரு வியாபாரியின் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்துச் சொந்தம் என்ற உரிமையில் உள்ளே போய்ப் பரணில் கிடந்ததை எடுத்து வந்தேன். தென்னாட்டுச் சண்டைகளைப் பற்றிய தடித்த புத்தகம். தோல் முதுகு பாதி பிய்ந்து தொங்கியது. உள்ளே படங்கள் அத்தனையும் இருந்தன. தண்ணீர் பட்ட கறை, பூச்சி தின்ற ஓட்டை, பழுப்புப் புள்ளி எல்லாம் இருந்தன. எனக்கு அது பெரிசாகத் தெரியவில்லை. அவ்வளவு காலம் இருந்த பண்டம் கறைபடாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதில் ஒரு படம். வறண்ட ஆற்றங்கரையில் ஒரு படை இறங்கியிருக்கிறது. வலது பக்கம் யானைகள், பீரங்கி வண்டிகள். நடுவில் குதிரை மேல் ஒரு துரை எங்கோ கை நீட்டிக் காட்டுகிறார். படத்தில் உள்ள அத்தனை சிப்பாய்களும் அவர் காட்டும் திசையைத்தான் பார்க்கிறார்கள். இடது பக்கம் கீழ் மூலையில், கட்டை விரல் அகலத்தில், ஒரு பெண். மூன்று கல்லைக் கூட்டிப் பானை வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சிவப்புச் சேலை. தீட்டியவர் அவசரத்தில் சிவப்பைக் கோட்டைத் தாண்டி மணலிலும் கொஞ்சம் தடவிவிட்டார். அவள் துரையைப் பார்க்கவில்லை. திரும்பி நம்மைப் பார்க்கிறாள். அந்த மூலையில்தான் தண்ணீர்க் கறையும் இருந்தது. அவள் மேல் பாதி படர்ந்திருந்தது.

அந்தப் படத்தைத் திறந்தால் என் கண் நேரே அவளிடம்தான் போகும். எதிர்ப் பக்கத்தில் துரையின் பெயர் இருக்கிறது, ஆற்றின் பெயர் இருக்கிறது, எத்தனை மாடு வண்டியிழுத்தது என்றுகூட இருக்கிறது. அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. படம் எழுதியவர் எதற்காக அவளை அங்கே உட்கார வைத்தார் என்று எத்தனையோ மத்தியானங்கள் யோசித்திருக்கிறேன். வீட்டில் யாரோடாவது சண்டை என்றால் பீரோவைத் திறந்து அவளைத்தான் பார்ப்பேன். என் சேகரிப்பில் எதைக் காப்பாற்றுவாய் என்று யாராவது கேட்டிருந்தால், புத்தகத்தையே விட்டுவிட்டு அந்த மூலையைக் காட்டியிருப்பேன். கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேனா என்றால் இல்லை. புத்தகமே கையில் இருக்கும்போது அது எதற்கு என்ற திமிர்.

போன மழைக்குத் தையல் விட்டுப்போய்ப் பக்கங்கள் கழன்று வர ஆரம்பித்தன. மதுரைக்காரரும் இல்லை. நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதைக் கண்டு, நம் பைண்டிங் செக்‌ஷனில் கொடேன் என்றார் கணவர். அங்கே தலைமையாக இருப்பவர் ஒரு காலத்தில் கடைகளுக்குத் தோல் கட்டிய கணக்குப் புத்தகம் தைத்தவர். கை சுத்தம். ஆனாலும் எனக்கு அரை மனசுதான். நேரில் போய் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஓரத்தைக் கட்டிங் மெஷினில் கொடுக்கக் கூடாது. லேமினேஷன் கூடாது. பளபளப்பு மை தொடக் கூடாது. பழைய தோலைத் தூக்கிப் போடக் கூடாது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். சொன்னது அத்தனையையும் ஒன்று விடாமல் செய்தும் கொடுத்தார். படங்களைத் தூக்கிப் போடக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்.

ஆடிப்பெருக்குக்கு வருவோம். ஆல்பம் பூஜை முடிந்து, சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, ஏஜெண்டுகள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவர் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். சாமி படத்துக்கு முன்னாலிருந்து மஞ்சள் துணி சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்தால் என் புத்தகம். முதுகைத் தடவிப் பார்த்தேன். மதுரைக்காரர் தோற்றார். பழைய தோல் அதன் கீறல்களோடு அப்படியே உட்கார்ந்திருந்தது, கீழே புதுத் தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதெல்லாம் அவர் ஏற்பாடா என்று ஆச்சரியமாக அவரைப் பார்த்தேன். தொறந்து பாரு என்று சைகை காட்டினார்.

திறந்தேன். வெள்ளைவெளேர் என்று ஒரு தாள் கண்ணில் அடித்தது. ஆர்ட் பேப்பர். அதன் மேல் என் புத்தகத்தின் முதல் படம், பளிச்சென்று, நேற்று அடித்த காலண்டர் மாதிரி. கறை இல்லை, புள்ளி இல்லை, ஓட்டை இல்லை. வானம் நீலமாக இருந்தது. என் புத்தகத்தில் வானம் நீலமாக இருந்ததே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாருடைய புத்தகத்தையோ என் மட்டைக்குள் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். புரட்டினேன். ஒவ்வொரு படமும் அப்படியே. ஆற்றங்கரைப் படத்தைத் தேடி எடுத்தேன். யானைகள் இருந்தன. துரை இருந்தார். இடது கீழ் மூலையில் மணல் இருந்தது. சுத்தமான, சீரான, மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு மணல். அடுப்பு இல்லை. பானை இல்லை. அவள் இல்லை.

சுற்றி எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிற மாதிரி இருந்தது. கணவர் ஏஜெண்டுகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தைப்பதற்காகப் புத்தகத்தைப் பிரித்துப் போட்டிருந்தபோது பார்த்தாராம். படமெல்லாம் அழுக்காகக் கிடந்ததாம். ஒவ்வொன்றையும் ஸ்கேன் பண்ணி, டிசைனிங்கில் கொடுத்துச் சுத்தம் பண்ணி, சீசன் நேரத்தில் மெஷினை நிறுத்தி இதற்கென்று ஓட்டினாராம். ஒரே ஒரு பிரதி. எந்த ஆர்டருக்கும் தான் இப்படி மெனக்கெட்டதில்லை என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் பிள்ளைகள் பிறந்தபோதுதான் கடைசியாகப் பார்த்தது.

"பழைய படத்தை எல்லாம் எங்கன வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு இனி? வேஸ்ட் பேப்பரோட லோடு ஏத்தியாச்சு."

மூலையைத் தொட்டுக் காட்டி, இங்கே ஒரு பொம்பளை இருந்தாளே என்றேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்து மணலைப் பார்த்தார். எந்தப் பொம்பளை என்றார். உண்மையாகவே கேட்டார். டிசைனிங்கில் வேலை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டோம். மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. கெட்டிக்காரி. எங்கள் காலண்டர் லட்சுமிக்கு எல்லாம் அவள்தான் கன்னத்துப் பரு எடுக்கிறவள். அவள் குனிந்து மூலையைப் பார்த்தாள்.

"அது கறைன்னு நெனச்சேன்க்கா. பக்கத்து மணலை எடுத்து மூடிட்டேன்" என்றாள்.

சுத்தம் பண்ணாத பழைய ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்டேன். அதன் மேலேயே வேலை செய்து அதிலேயே சேமித்துவிட்டாளாம். சீசனில் இடம் பற்றாது, எல்லாரும் அப்படித்தான் செய்வோம் என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வாய் வரவில்லை. பட்டுப்புடவையோடு வெளியே வந்து, டிரைவரை எழுப்பி, லோடு எங்கே போனதோ அங்கே விடச் சொன்னேன். புத்தகத்தோடு சர்க்கரைப் பொங்கல் தொன்னையும் என் கையில் இருந்தது. காரில் ஏறிய பிறகுதான் அதைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் காகிதம் வீணாவது கிடையாது. அச்சகத்துக் கழிவு எல்லாம் வெடிக்குழாய் உருட்டுகிற இடத்துக்குப் போய்விடும். நீங்கள் வெடிக்கிற ஒவ்வொரு வெடியின் வயிற்றிலும் யாரோ படித்து முடித்த காகிதம்தான் இருக்கிறது. மேலே மட்டும் கலர்த் தாள். எங்கள் லோடு போனது விஸ்வநத்தத்தில் ஒரு குழாய் உருட்டும் கொட்டகைக்கு. வெடிமருந்து அறைகள் தள்ளி இருக்கும், இங்கே வெறும் காகிதமும் பசையும்தான். நீளக் கொட்டகை, வரிசையாகப் பெண்கள், ஆளுக்கு ஒரு கம்பி. காகிதத்தைக் கம்பியில் சுற்றி, உருட்டி, உருவிப் போட்டால் குழாய். அவர்கள் கை போகிற வேகத்தில் நமக்குக் கண் வலிக்கும்.

பட்டுப்புடவையில் ஒருத்தி வந்து நிற்பதைப் பார்த்து ஃபோர்மேன் பதறி எழுந்தார். கம்பெனிக்காரர் வீட்டம்மா சோதனைக்கு வந்துவிட்டார் என்று நினைத்தார் போல. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு மூச்சு வந்தது. பழைய தடித்த தாள், யானை போட்ட படம், குதிரை போட்ட படம் என்று நான் கையை வைத்துக் காட்டினேன். அவர் காகிதம் நறுக்குகிற இடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே எல்லாம் ஏற்கெனவே பட்டை பட்டையாக நறுக்கிக் கட்டு கட்டாக இருந்தது. பள்ளிக்கூட நோட்ஸ், பழைய வாக்காளர் பட்டியல், எங்கள் காலண்டரின் தவறிப்போன தாள்கள். முட்டி போட்டுக் கிளறினேன். என் புத்தகத்தின் தாள் ஒன்றுகூட இல்லை.

உருட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, என் வயசு இருக்கும், வேலையை நிறுத்தாமலே என்ன தேடுறீக என்று கேட்டாள். சொன்னேன்.

"சாமி படமாம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். சாமி படமென்றால் இருக்கும் என்று சொன்னாள். கழிவுத் தாளில் சாமி படம் வந்தால் நறுக்கமாட்டார்களாம். சாமியை எப்படி வெடிக்குள் வைத்துக் கொளுத்துவது. எடுத்துத் தனியாக ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பார்கள், பெட்டி நிறைந்தால் கண்மாயில் கொண்டுபோய் விடுவார்கள். இதை எனக்கு இத்தனை வருஷமாக யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அடித்த தெய்வங்கள் எல்லாம் விஸ்வநத்தத்தில் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் தப்பித்து உட்கார்ந்திருக்கின்றன.

அதற்குள் இன்னொருத்திக்கு ஞாபகம் வந்தது. யானை படம் ஒன்று வந்தது, தடித்த தாள், பிள்ளையார் மாதிரி இருந்தது என்று நறுக்கும்போதே அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்தோமே என்றாள். பெட்டியைக் கவிழ்த்தார்கள். முருகனுக்கும் சரஸ்வதிக்கும் நடுவிலிருந்து என் ஆற்றங்கரைப் படத்தின் வலது பாதி வெளியே வந்தது. பழுப்புப் புள்ளிகளோடு, ஓட்டையோடு, என்னுடைய அதே தாள். யானைகள் பத்திரமாக நின்றன. துரையின் நீட்டிய கை இருந்தது, துரை இல்லை. இடது பாதியை நேராக வெட்டி எடுத்திருந்தார்கள்.

"இந்தப் பக்கம் ஒரு பொம்பளை இருந்தாளே" என்றேன்.

"பொம்பளை படமெல்லாம் எடுத்து வைக்கிறதில்லம்மா" என்றாள் முதலில் பேசியவள்.

குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. அந்தக் குழாய்கள் எங்கே என்று கேட்டேன். முந்தின வாரமே ஒரு முனையில் மண் அடைக்கப் போய், அங்கிருந்து மருந்து செலுத்தப் போய்விட்டன என்றார் ஃபோர்மேன். வடக்கே போகிற ஆர்டர். நான் புரிந்துகொள்ளாத மாதிரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரே பாவப்பட்டு, மூலையில் மிச்சமிருந்த குழாய்க் குவியலைக் காட்டினார். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்தேன். அந்த அம்மாளும் வேலையை விட்டுவிட்டு வந்து கூட உட்கார்ந்து கிழித்தாள். உருட்டின கையாலேயே கிழிக்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்பு. கெமிஸ்ட்ரி கேள்வி பதிலும், யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையும் வந்தன. என் படத்துப் பெண் வரவில்லை. போதும் என்று நானே எழுந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வாய் திறந்தது. என்னென்ன பேசினேன் என்று எல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. என் பொருளைத் தொட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பதில் ஆரம்பித்தேன். உங்களுக்குப் பளபளப்பைத் தவிர வேறென்ன தெரியும் என்று கேட்டேன். அந்த ஆர்ட் பேப்பரை எல்லாம் நாளைக்கே பைண்டரிடம் கொடுத்துப் பிய்த்து எறியப் போகிறேன், காலிப் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். யானைப் பாதியை எடுத்து வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நம்ம மெஷினில் இந்தக் கோடு வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நான் அடிச்சது எதுவுமே ஒரு வருசத்துக்கு மேல யார் வீட்டுலயும் நின்னதில்ல. தேதி முடிஞ்சா கழட்டி எறிஞ்சிருவாக. உன் பீரோவுலயாவது நான் அடிச்சது ஒண்ணு நிக்கட்டும்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். ஒவ்வொரு தைக்கும் பழைய காலண்டரைக் கழற்றிச் சுருட்டிக் குப்பையில் போடுவது நான்தான். அவர் அந்த நேரம் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை அவர் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மனுஷனுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமல்தான் நான் இவரோடு பேரன் பேத்தி எடுத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று பிரிக்கத் தெரியவில்லை. கோபமும் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

படங்களைப் பிய்க்கவில்லை. புத்தகம் மேசை மேலேயே கிடந்தது. இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். நாலைந்து நாள் கழித்துக் காலையில் அச்சகத்திலிருந்து போன் செய்தார். புறப்பட்டு வா, அந்தப் புத்தகத்தையும் யானையையும் எடுத்துக்கொண்டு வா என்றார்.

டிசைனிங் அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெண் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆற்றங்கரைப் படம். இடது மூலையை திரை நிறையப் பெரிசாக்கி வைத்திருந்தாள். மணல். கணவர் சுவரோரம் நின்றார். அவருடைய யோசனை எளிமையானது. உனக்குத்தான் அவளைத் தெரியும், நீ சொல்லச் சொல்ல இந்தப் பெண் வரைவாள், அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப அடித்து மாற்றித் தைத்துவிடலாம். மெஷின் உனக்காகக் காத்திருக்கிறது என்றார். எனக்கு ஒரு நிமிஷம் அது சாத்தியம் என்றே பட்டது. சொல்லப்போனால் சந்தோஷமாகக்கூட இருந்தது.

உட்கார்ந்திருந்த விதத்தைச் சொன்னேன். குத்துக்கால், முழங்கை முட்டி மேல். அவள் வரைந்தாள், சரியாக வந்தது. பானை, மூன்று கல். வந்தது. சிவப்புச் சேலை, சிவப்பு கொஞ்சம் மணலில் வழிய வேண்டும் என்றேன். அதையும் வழியவிட்டாள், முதலில் அவளுக்குக் கை வரவில்லை, சுத்தமாக்கியே பழகிய கை. யானைத் தாளைப் பக்கத்தில் வைத்து, கோட்டின் தடிமனை அதைப் பார்த்துப் போட்டாள். மணலுக்கு நடுவில் ஒரு உருவம் எழும்பி உட்கார்ந்தது. கணவர் சுவரை விட்டுக் கிட்ட வந்தார். அறைக்கு வெளியே இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் முகம். அவள் ஒன்று போட்டாள். எங்கள் காலண்டர் லட்சுமி மாதிரி, பெரிய கண், சின்ன வாய். இல்லை என்றேன். அழித்தாள். வேறொன்று போட்டாள். அதுவும் இல்லை. வயசானவகளா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். சிரித்த முகமா, சோர்ந்த முகமா என்று கேட்டாள். நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"பாத்துட்டு இருந்தாக, சரிக்கா. எப்படிப் பாத்தாக?" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பானை தெரிந்தது. சிவப்பு வழிந்த மணல் தெரிந்தது. கறையின் விளிம்பு எப்படி வளைந்து போகும் என்பதுகூடத் தெரிந்தது. எத்தனை மத்தியானங்கள், எத்தனை சண்டைகள். கண்ணை இன்னும் இறுக்கி மூடினேன்.

"மூக்குத்தி போட்டிருந்தாகளாக்கா?"

"தெரியலம்மா" என்றேன்.

அவசரமில்லை, யோசித்துச் சொல், மெஷின் நிற்கட்டும் என்றார் கணவர். அந்தப் பெண் பேனாவைக் கையில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் சிவப்புச் சேலையோடு உட்கார்ந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மணலோடு, எங்கள் பக்கம் திரும்பியிருந்தாள். இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் எனக்கு அந்த முகம் வரவில்லை.